தொலைவிலிருந்து வரும் பதில்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்)

‘சர்வர் இல்லாத கணிமை’ என்னும் சொற்றொடரை வகுப்பில் முதன்முதலாகக் கேட்ட அன்று, பின்வரிசை நண்பர் ஒருவர் எழுந்து, "ஓட்டலில் சர்வர் இல்லாவிட்டால் தோசை எப்படி ஐயா மேசைக்கு வரும்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, "சர்வர் இருக்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் நாம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்" என்றார். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தைப் பின்னர் நான் எங்கும் காணவில்லை.

நிரல் எழுதும் மாணவர்களாகிய நமக்குச் ‘செயற்கூறு’ என்பது பழகிய பொருள். பெயரைச் சொல்லி அழைத்து, உள்ளே இரண்டு எண்களைக் கொடுத்தால், ஒரு விடை திரும்பி வரும். அந்தச் செயற்கூறு நம் கணிப்பொறியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. அதை மட்டும் தனியே எழுதி ஒரு பெரிய நிறுவனத்தின் கணிப்பொறிக் கூடத்தில் ஒப்படைத்துவிடலாம். யாரேனும் அழைக்கும்போது அது விழித்தெழுந்து வேலையை முடித்துவிட்டு மீண்டும் உறங்கும். ஓடிய நேரத்திற்கு மட்டும் கூலி. அமேசான் நிறுவனம் ‘லாம்டா’ என்ற பெயரில் இத்தகைய ஏற்பாட்டை 2014 நவம்பரில் அறிவித்து, 2015 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. தொடக்கத்தில் 100 மில்லிநொடி அளவில் கூலி கணக்கிட்டார்கள். 2020 டிசம்பர் முதல் ஒவ்வொரு மில்லிநொடிக்கும் கணக்கு. மாதத்தில் முதல் 10 லட்சம் அழைப்புகளுக்குக் கட்டணமில்லை என்பதால் நம்மைப் போன்றவர்களும் தொட்டுப் பார்க்க முடிகிறது.

ஆனால் இக்கட்டுரை அந்தச் செயற்கூற்றைப் பற்றியதன்று. அதற்கும் நம் நிரலுக்கும் நடுவில் நின்று, ‘நான் கூப்பிட்டுத் தருகிறேன்’ என்று சொல்லும் முகவரைப் பற்றியது. ஆங்கிலத்தில் அவருக்குக் ‘கிளையன்ட்’ என்று பெயர். அவரை முழுதும் நம்பியதால் எங்கள் ஊரில் பால் ஊற்றும் சிலருக்கு ஒரு காலையில் பணம் குறைந்து போயிற்று. தவறு என்னுடையது. அதைச் சொல்லாமல் இப்பொருளை விளக்க எனக்குத் தெரியவில்லை.

முதலில் முகவரின் வேலை என்னவென்று பார்ப்போம். பைத்தான் மொழியில் எழுதுவோர்க்கு அமேசான் தரும் தொகுப்பின் பெயர் ‘போடோ3’. (அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆற்றின் பெயரைக் கடைக்கு வைத்தபின் மீனுக்கும் பாலூட்டிக்கும் பஞ்சமா?) அத்தொகுப்பிடம் ‘லாம்டாவுக்கு ஒரு முகவரைக் கொடு’ என்று ஒரு வரி எழுதினால் கொடுத்துவிடும். அடுத்த வரியில் ‘இன்வோக்’ என்று சொல்லி, செயற்கூற்றின் பெயரையும் கொடுக்க வேண்டிய செய்தியையும் தந்தால் போதும். இரண்டே வரிகள்!

அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் நடப்பது கொஞ்சமன்று. முகவர் நம் செய்தியை ஜேசான் வடிவிலான எழுத்துத் தொடராகப் பெற்றுக்கொள்கிறார். எந்த வட்டாரத்துக் கூடம் என்று பார்த்து அதன் முகவரியைக் கண்டுபிடிக்கிறார். என்னுடைய செயற்கூறு மும்பை வட்டாரத்தில் இருந்தது. அந்த வட்டாரம் 2016இல் தொடங்கப்பட்டது. பிறகு நமக்கென்று கொடுக்கப்பட்டுள்ள இரகசியச் சாவியைக் கொண்டு வேண்டுகோளின் மேல் ஒரு கையொப்பம் கணக்கிட்டு இடுகிறார். சாவி மட்டும் பயணம் செய்வதில்லை. கையொப்பம்தான் போகிறது. அந்தப் பக்கம் கையொப்பத்தைச் சரிபார்த்து, இவருக்கு இச்செயற்கூற்றை அழைக்க உரிமை உண்டா என்றும் பார்த்த பிறகே கதவு திறக்கும். வேண்டுகோள் செல்லும் பாதையில் 2015-03-31 என்ற தேதி பொறிக்கப்பட்டிருக்கும். அது அந்த இடைமுகத்தின் பதிப்புத் தேதி. கல்வெட்டுப் போல அது அங்கேயே நிற்கிறது.

அழைப்பில் மூன்று வகை உண்டு. ‘ரிக்வெஸ்ட் ரெஸ்பான்ஸ்’ என்றால் வேலை முடியும்வரை வாசலில் காத்திருந்து விடையோடு திரும்புவது. ‘ஈவன்ட்’ என்றால் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. சீட்டு கிடைத்தது என்பதற்கு 202 என்ற எண் உடனே வரும், வேலை பின்னால் நடக்கும். ‘ட்ரை ரன்’ என்பது உரிமை இருக்கிறதா என்று கதவைத் தட்டிப் பார்ப்பது மட்டும். அதற்கு 204. ஒன்றும் சொல்லாவிட்டால் முகவர் முதல் வகையை எடுத்துக்கொள்வார். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

தொலைவில் உள்ள செயற்கூற்றை அருகில் உள்ளதைப் போலவே அழைக்க வேண்டும் என்பது இன்றைய ஆசையன்று. ஆண்ட்ரூ பிர்ரெல், புரூஸ் நெல்சன் என்னும் இருவர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக் கூடத்தில் இதைச் செய்து காட்டி, 1984இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிரல் எழுதுபவருக்குப் பிணையத்தின் தொல்லைகள் தெரியாமல், வழக்கமான செயற்கூறு அழைப்பைப் போலவே தோன்றச் செய்யும் ஒரு சிறு துண்டை நடுவில் வைப்பது அவர்களது வழி. இன்றைய முகவர் அத்துண்டின் பேரப்பிள்ளை எனலாம். பத்தாண்டு கழித்து 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோவும் தோழர்களும் இதற்கு மறுப்பாக ஒரு கட்டுரை எழுதினார்கள். அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒன்றல்ல, ஒன்றுபோல் காட்டுவதே ஆபத்து என்பது அவர்கள் வாதம். அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று ‘பகுதித் தோல்வி’. ஒரே கணிப்பொறிக்குள் என்றால் கெட்டால் பெரும்பாலும் எல்லாம் சேர்ந்து கெடும். இரண்டு கணிப்பொறிகள் என்றால் ஒன்று நின்றுபோய் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கும். நின்றதா, தாமதமா, வழியில் செய்தி தொலைந்ததா என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியவே வழியில்லை. இக்கட்டுரையை நான் படித்தது பட்ட பிறகுதான். முன்பே படித்திருந்தாலும் புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி என் கதை. எங்கள் ஊரில் ஒருவர் பால் எடுக்கிறார். 84 வீட்டார் அவரிடம் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டுப் பாலும் அங்கேதான் போகிறது. பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. தீவன மூட்டையைக் கடனாக வாங்கியவர்களுக்கு ஒவ்வொரு பட்டுவாடாவிலும் 200 ரூபாய் பிடித்தம். இதை அவர் நீள நோட்டில் எழுதி, இரவெல்லாம் கூட்டிக்கொண்டிருப்பார். "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே தம்பி, இதுக்கு ஒரு வழி பண்ணேன்" என்றார். பண்ணினேன். அவருடைய மடிக்கணினியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மும்பையில் உள்ள செயற்கூறு, வீடு வீடாகக் கணக்கைப் பார்த்து, தர வேண்டிய தொகையிலிருந்து 200 ரூபாயைக் கழித்து, கடனிலும் கழித்து, தமிழில் ஒரு ரசீது தயாரித்து வைக்கும். ரசீது ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு நொடி பிடித்தது.

இரண்டு வீட்டை மட்டும் வைத்துப் பார்த்தபோது சரியாக வந்தது. மகிழ்ந்து பத்து வீட்டை வைத்தேன். பதிலில் 200 என்ற எண் வந்தது. இணைய வழக்கில் 200 என்றால் ‘எல்லாம் நலம்’ என்று நாம் படித்திருக்கிறோம் அல்லவா? ஆனால் போய்ப் பார்த்தால் இரண்டே இரசீதுகள். அரை நாள் என் நிரலிலேயே குற்றம் தேடினேன். பிறகுதான் பதிலை முழுவதும் அச்சிட்டுப் பார்த்தேன். 200க்குப் பக்கத்தில் ‘ஃபங்ஷன் எர்ரர்’ என்று ஒரு கட்டமும், உள்ளே மூன்று நொடிகளில் நேரம் கடந்துவிட்டது என்ற செய்தியும் இருந்தன. லாம்டாவில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு செயற்கூற்றுக்கு ஆயுள் மூன்று நொடி. கேட்டால் 15 நிமிடம் வரை தருவார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். செயற்கூற்றின் பெயரைத் தவறாகக் கொடுத்தால் 404 வரும். உரிமை இல்லையென்றால் 403. ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய அழைப்புகள் என்றால் 429. இவற்றையெல்லாம் முகவர் பிழையாகவே எழுப்பி நம் நிரலை நிறுத்துவார். ஆனால் செயற்கூறு தொடங்கிவிட்டு நடுவில் விழுந்தால், முகவரைப் பொறுத்தவரை அவர் வேலை வெற்றி. கதவைத் தட்டினார், உள்ளே விட்டார்கள், ஒரு பதிலும் கொடுத்தார்கள். அந்தப் பதில் ‘ஆள் மயங்கி விழுந்துவிட்டார்’ என்பதாக இருந்தால் அது அவர் பொறுப்பன்று. 200 என்பது அழைப்புக்குக் கிடைத்த மதிப்பெண். வேலைக்குக் கிடைத்ததன்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விடை ஓடை போல வருகிறது. ஒருமுறை படித்துவிட்டால் தீர்ந்துவிடும். நான் அதை அச்சிட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்து, வெறுமையைக் கண்டு திகைத்தது தனிக்கதை.

ஆயுளை ஐந்து நிமிடமாக்கினேன். கட்டத்தையும் சோதித்துக்கொண்டேன். வெற்றிபோல் தோன்றும் தோல்வியைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்தில், தோல்விபோல் தோன்றும் வெற்றி என்று ஒன்று இருக்கக்கூடும் என எனக்குத் தோன்றவேயில்லை.

பட்டுவாடாவுக்கு முதல் நாள் இரவு அவர் பொத்தானை அழுத்தினார். நானும் அருகில் இருந்தேன். ஐந்து நிமிடத்துக்கும் மேலாகத் திரை அசையவில்லை. கடைசியில், ‘படிக்கக் காத்திருந்த நேரம் கடந்தது’ என்ற பொருள்பட ஒரு பிழைச் செய்தி வந்தது. ஐயோ என்று இரசீதுகள் இருக்குமிடத்தைப் பார்த்தேன். 84 இரசீதுகளும் இருந்தன! ‘எப்படியோ வேலை நடந்துவிட்டது, பிழைச் செய்தியை நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அந்தத் தூக்கத்தைத்தான்.

காலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இரசீதோடு வந்து நின்றார். நாளுக்கு 6 லிட்டர், பத்து நாளைக்கு 60 லிட்டர், லிட்டர் 35 ரூபாய். 2,100 ரூபாய். பிடித்தம் போக 1,900 வர வேண்டும். இரசீதில் 1,100 என்று இருந்தது. அவர் பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் விரலை மடக்கி எண்ணி, "எண்ணூறு குறையுதே தம்பி" என்றார். கடன் பக்கத்தைப் பார்த்தேன். அதில் 200க்குப் பதிலாக 1,000 கழிந்திருந்தது. "கடன்லதான் போயிருக்கு பெரியம்மா, காசு எங்கேயும் போகலை" என்றேன். "கடன் கழிஞ்சா சரிதான். இன்னைக்கு மளிகைக் கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். நான் பேசவில்லை.

1,000 என்பது ஐந்து 200. ஏன் ஐந்து? மும்பையில் செயற்கூறு எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஐந்து தொடக்கங்கள். ஐந்தும் முழுதாக முடிந்திருந்தன. நாங்கள் பொத்தானை அழுத்தியதோ ஒரே முறை!

நம் வீடுகளில் நடப்பதுதான் இது. அம்மா தம்பியைக் கடைக்கு அனுப்புகிறார். அவன் வரக் காணோம். வழியில் விளையாடுகிறானோ, சொன்னதை மறந்தானோ என்று தங்கையையும் அனுப்புகிறார். கடையில் கூட்டம், அதனால்தான் தாமதம் என்பது வீட்டிலிருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. சற்று நேரத்தில் இருவரும் ஆளுக்கு அரைக் கிலோ துவரம் பருப்போடு வந்து நிற்கிறார்கள். என் கணிப்பொறியில் இருந்த முகவரும் அத்தகைய தாய்தான். நான் எதையும் மாற்றாமல் விட்டதால் அவர் 60 நொடி காத்திருந்தார். என் செயற்கூற்றுக்கோ ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் வேண்டியிருந்தது. 60ஆவது நொடியில், செய்தி வழியில் தொலைந்தது போலும் என்று கருதி இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தார். இப்படி மொத்தம் ஐந்து முறை முயல்வது அப்போது அவருக்கு இயல்பாக அமைந்திருந்த வழக்கம். இந்தப் பக்கம் துண்டித்தால் அந்தப் பக்கம் நின்றுவிடும் என்று எண்ணினால் அது தவறு. செயற்கூற்றுக்கு அது தெரியாது. கொடுத்த வேலையை அது செய்து முடிக்கும்.

முகவரைக் குறை சொல்ல இடமில்லை. இந்த 60 நொடியும் ஐந்து முயற்சியும் அவருடைய கையேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. பிணையம் அடிக்கடி விக்குவது இயல்பு. ஒரு முறை விக்கியதற்கெல்லாம் கையை விரிக்கும் முகவர் யாருக்கும் பயன்பட மாட்டார். விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல் என்ற வேலையை ஐந்து முறை செய்தாலும் தீங்கில்லை. 200 ரூபாயைக் கழி என்ற வேலையை இரண்டாம் முறை செய்தாலே தீங்கு. எந்த வேலை எத்தகையது என்பது முகவருக்குத் தெரியாது. எழுதிய எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குள் 17 பேருக்குக் குறைவாகவே பணம் போய்விட்டது. எல்லோரும் தீவனக் கடன் உள்ளவர்கள். 17 எண்ணூறு 13,600 ரூபாய். அன்று மாலை பால்காரர் பணப்பையோடும் நான் நோட்டோடும் வீடு வீடாகப் போனோம். ஓரிரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், "மிஷின் தப்புப் பண்ணுமா?" என்று வியந்து கேட்டார்கள். மிஷின் தப்புப் பண்ணவில்லை, நான்தான் என்று சொன்னேன். அதை அவர்கள் நம்பினதாகத் தெரியவில்லை. மிஷின்மேல் அவ்வளவு மதிப்பு.

திருத்தத்திற்கு வருவோம். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி, மறுமுயற்சியைச் சுழியமாக்கினால் போதாதா என்று நண்பர்கள் கேட்கலாம். முதலில் நானும் அதைத்தான் செய்தேன். அன்றைய கோளாறு அதனால் தீரும். ஆனால் பதில் வரும் வழியில் உண்மையாகவே இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? பால்காரர் பொத்தானை இன்னொரு முறை அழுத்துவார். மறுமுயற்சி செய்வது மென்பொருளாக இருந்தால் என்ன, மனிதராக இருந்தால் என்ன? சீட்டைக் கொடுத்துவிட்டு வரும் ‘ஈவன்ட்’ வகைக்கு மாறினாலும் தப்பிக்க முடியாது. அங்கே செயற்கூறு பிழையோடு விழுந்தால் லாம்டாவே மேலும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கும். பிழையே இல்லாவிட்டாலும் ஒரே சீட்டு இரண்டு முறை வந்து சேரலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. ஆகவே ‘ஒரே முறைதான் அழைக்கப்படுவேன்’ என்று எந்தச் செயற்கூறும் நம்பியிருக்கக் கூடாது. காவல் அழைக்கும் பக்கம் மட்டும் இருந்தால் போதாது. வேலை நடக்கும் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் ஓர் எண் கொடுத்தேன். அந்த எண் அழைப்போடு சேர்ந்து போகிறது. ஒவ்வொரு வீட்டுக் கணக்கிலும், கடைசியாகக் கழித்த பட்டுவாடா எண் எது என்று ஒரு கட்டம் வைத்தேன். செயற்கூறு தொகையைக் கழிக்கும்போது, அக்கட்டத்தில் இதே எண் ஏற்கெனவே இருந்தால் கழிக்காதே என்று நிபந்தனை. கணக்குகளை வைத்திருந்த ‘டைனமோ டிபி’ என்னும் தரவுக் களஞ்சியம், நிபந்தனையைப் பார்ப்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்து தருகிறது. இந்த இடம் முக்கியம். முதலில் பார், பிறகு எழுது என்று இரண்டு செயல்களாகப் பிரித்தால், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு அழைப்பு நுழைந்துவிடும். பணத்தைக் கழிப்பதும் எண்ணைக் குறிப்பதும்கூட ஒரே எழுத்தில் நடக்க வேண்டும். இல்லையென்றால் கழித்துவிட்டுக் குறிக்குமுன் செயற்கூறு விழுந்துவிட்டால் பழைய கதைதான். ஒரே செயலை எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்த பயனே தரும் இப்பண்பு நம் கணித நண்பர்களுக்குத் தெரிந்ததே. ஓர் எண்ணின் தனி மதிப்பை எடுத்து, அதற்கு மீண்டும் தனி மதிப்பு எடுத்தால் மாறுமா?

கூடவே, 84 வீட்டையும் ஒரே அழைப்பில் கட்டி அனுப்புவதை நிறுத்தினேன். வீட்டுக்கு ஓர் அழைப்பு. ஒவ்வொன்றும் ஒரு நொடியில் முடிகிறது. ஒன்று விழுந்தால் அந்த வீடு மட்டும் நிற்கிறது, எந்த வீடு என்றும் தெரிகிறது. மொத்த நேரம் குறையவில்லை. ஆனால் திரையில் வீட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பால்காரருக்கு நேரம் போவது தெரிவதில்லை.

பதிலாக வரும் 200ஐ இப்போது நான் திரையில் காட்டுவதேயில்லை. அது முகவருக்கும் எனக்கும் உள்ள பேச்சு. செயற்கூறு தன் வாயால் சொல்லும் விடையைத்தான் காட்டுகிறேன்: ‘முடிந்தது’ அல்லது ‘ஏற்கெனவே முடிந்தது’. பால்காரர் இப்போதெல்லாம் பட்டுவாடா இரவில் வேண்டுமென்றே பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறார். இரண்டாம் முறை 84 வரிகளிலும் ‘ஏற்கெனவே முடிந்தது’ என்று வரும்வரை கணினியை மூட மாட்டார். பெரியம்மா மட்டும் இன்னும் விரலை மடக்கித்தான் எண்ணுகிறார்.